கருமாதிக்கு மறுநாள்

இமையத்தோட 'செல்லாத பணம்' நாவலை டவுன் நண்பர்கள் பல பேர் படிச்சிருப்பீங்க. 2018-ல் க்ரியா வெளியிட்டது, 2020-க்கான சாகித்ய அகாடமி விருது வாங்கினது. இன்ஜினீயரிங் படிச்ச ரேவதி, ஆட்டோ ஓட்டுற ரவியைப் பிடிவாதமாகக் கட்டிக்கிறாள். கடைசியில் தீக்காயத்தோட ஜிப்மர் வார்டில் கிடக்கிறாள். வெளியில் பெத்தவங்க காத்துக் கிடக்கிறாங்க. அந்தக் காத்திருப்புதான் நாவல்.

எங்க தவளக்குப்பத்து ஆளுங்களுக்கு ஜிப்மர் புதுசில்லை. டவுனைத் தாண்டி கோரிமேடு போய், மரத்தடியில் துண்டை விரிச்சுப் படுத்துக்கிட்டு, உள்ளேயிருந்து எப்போ பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்களோன்னு காதைத் தீட்டிக்கிட்டு இருந்தவங்க எங்க தெருவிலேயே உண்டு. இமையம் அந்த இடத்தை அப்படியே எழுதியிருக்கார்.

ஆனா ரேவதிக்குச் சின்னப் பிள்ளைங்க இருக்கு. நாவலோட பாரம் முழுக்கப் பெத்தவங்க மேலதான். அதைக் குறை சொல்லலை, அவர் எடுத்துக்கிட்ட விஷயம் அது. நம்ம கதைகள் பெரும்பாலானதில் துக்கம் பெரியவங்க சொத்தாவே இருக்குங்கிறதுதான் என் வருத்தம்.

ஊரிலும் அதே கதைதான். அப்பன் செத்தா, பதினாலு வயசுப் பையனுக்கு மொட்டை போட்டு, தோளில் குடத்தை ஏத்தி, கொள்ளி வைக்கச் சொல்றோம். கருமாதி வரைக்கும் எல்லார் கண்ணும் அவன் மேலதான். முடிஞ்சதும் "இனிமே நீதான்டா வீட்டுக்கு ஆம்பளை"ன்னு சொல்லிட்டுச் சொந்தக்காரங்க பஸ் ஏறிடுவாங்க. பொண்ணா இருந்தா அதுவும் கிடையாது, வந்தவங்களுக்குக் காபி கொடுக்கவே நேரம் சரியாப் போயிடும். மறுநாள் பையன் மாட்டுக்குத் தண்ணி காட்டுவான், மோட்டார் போடுவான். போன்ல அப்பா நம்பரை அழிக்காம வச்சிருப்பான். கேட்டா "ஒண்ணுமில்ல சித்தப்பா"ம்பான். அந்த 'ஒண்ணுமில்ல'யை யார் எழுதுவாங்க?

கொழும்புத் தமிழர் அனுக் அருட்பிரகாசம் கொஞ்சம் எழுதியிருக்கார், ஆனா இங்கிலீஷில். 2016-ல் வந்த 'தி ஸ்டோரி ஆஃப் எ பிரீஃப் மேரேஜ்'. ஈழப்போரின் கடைசிக் கட்டம், ஷெல் விழுற முகாம். சொந்தங்களை இழந்த தினேஷ்ங்கிற இளைஞனுக்கு அவசரக் கல்யாணம். அவன் குளிக்கிறது, நகம் வெட்டுறது, முடி வெட்டுறது எல்லாம் பக்கம் பக்கமா வருது. டவுன்காரங்களுக்கு இழுவையாத் தெரியலாம். எனக்கு அதுதான் நிஜம்னு பட்டுது. மனசு மரத்துப் போனவனுக்கு முதல்ல திரும்பி வர்றது உடம்புதான்.

2004 டிசம்பர் 26 நினைவிருக்கா? சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு போன், ஒலிபெருக்கியில் ஒரு அறிவிப்பு, எங்க பக்கத்து நல்லவாட்டு ஜனம் பிழைச்சுது. காரைக்கால் கரையில் அந்தக் கொடுப்பினை இல்லை, நூற்றுக்கணக்கில் போயிட்டாங்க. அன்னிக்கு அம்மாவைப் பறிகொடுத்த பத்து வயசுப் பசங்க இப்ப முப்பதைத் தாண்டியாச்சு. அலையைப் பத்தி எவ்வளவோ எழுதியாச்சு, அதுக்கு அப்புறம் அவங்க பள்ளிக்கூடம் போனதையும் கல்யாணம் கட்டினதையும் சொல்ற நாவல் என் கண்ணில் படலை.

எழுதுற தம்பி தங்கச்சி யாராவது இதைப் படிச்சா, கருமாதிக்கு மறுநாள் காலையிலேருந்து ஆரம்பிங்க. விஷயம் வேணும்னா வாங்க, கடலோரம் கூட்டிட்டுப் போறேன்.