விசா ரெடி, டிக்கெட் ரெடி... வீட்டு நாய்க்கு மட்டும் ஏன் 4 மாதம் காத்திருக்கணும்?

ஜெர்மனியில் வேலை கிடைச்சாச்சு, விசாவும் வந்தாச்சு, அடுத்த மாதம் சேரணும். வீட்டு நாயை எப்படிக் கூட்டிப்போவது என்ற கேள்வி பலருக்கு இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. ஆனால் அப்போது ஆரம்பித்தால் அதே விமானத்தில் நாய் ஏறாது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் குறைக்க முடியாத ஒரு காத்திருப்பு இதில் இருக்கிறது.

காரணம், ரேபிஸ். வெறிநோய் இன்னும் கட்டுக்குள் வராத நாடாகவே இந்தியாவை ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் பார்க்கின்றன.

வரிசை மாறினால் முதலில் இருந்து!

ஐரோப்பா போக முதல் வேலை மைக்ரோசிப். அரிசி மணி அளவில் தோலுக்கு அடியில் வைக்கப்படும் இதில் 15 இலக்க எண் இருக்கும். அதன் பிறகுதான் ரேபிஸ் தடுப்பூசி. பலரும் சறுக்குவது இங்கேதான். வருஷா வருஷம் தவறாமல் ஊசி போட்டிருப்பார்கள், சிப் இருக்காது. சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி கணக்கிலேயே வராது, மறுபடி போட வேண்டும். குட்டி என்றால் 12 வாரம் நிறைந்திருக்க வேண்டும்.

ஊசி போட்டு குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்தில் 'டைட்டர் டெஸ்ட்' செய்ய வேண்டும். ரத்தத்தில் ஆன்டிபாடி ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யு. அளவாவது இருக்கணும். ரத்தம் எடுத்த நாளில் இருந்து 3 மாதம் கழித்துதான் பயணம். பிரிட்டனிலும் இதே கணக்குதான்.

ரிசல்ட்தான் நல்லா வந்துடுச்சே, அப்புறம் எதுக்கு 3 மாதம்? ஊசி போடும் முன்பே நாய்க்கு வைரஸ் தொற்றியிருந்தால் இந்த டெஸ்ட் அதைக் காட்டாது. ரேபிஸ் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் அறிகுறியே இல்லாமல் உடம்புக்குள் இருக்கும். அப்படி இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும் என்பதற்குத்தான் இந்த இடைவெளி. எரிச்சலான விதிதான், ஆனால் காரணம் நியாயமானது.

'நான் முன்னாடி போறேன், நாய் பின்னாடி வரட்டும்' என்பதும் எளிதல்ல. உரிமையாளர் பயணம் செய்யும் நாளுக்கு 5 நாள் முன்போ பின்போ நாய் போய்ச் சேர வேண்டும். தாண்டினால் வணிக ரீதியான இறக்குமதிக்கான விதிகள் பாயும். வேலையில் சேர்ந்தவர் நாய்க்காகவே ஒருமுறை ஊருக்கு வந்து திரும்ப வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட் 1 முதல் விதிகள் இறுகிவிட்டன. நாய்க்கு 6 மாத வயது, மைக்ரோசிப் கட்டாயம். இந்தியாவில் ஊசி போட்ட நாய் என்றால், அரசு கால்நடை மருத்துவர் ஒப்புதல் அளித்த படிவமும், அந்நாட்டில் பதிவுபெற்ற பராமரிப்பு மையத்தில் முன்பதிவும் வேண்டும். டைட்டர் ரிசல்ட் இல்லாமல் போனால் 28 நாள் தனிமை, செலவு நம்முடையது. பூனைகளுக்கு இந்த விதி பொருந்தாது.

ஆஸ்திரேலியா கதையே வேறு. இந்தியாவில் இருந்து நாயை நேரடியாக அங்கு கொண்டுபோகவே முடியாது. 2015-ல் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்பும் ஆம்பர் ஹேர்டும் தனி விமானத்தில் இரண்டு நாய்களை அறிவிக்காமல் கொண்டுபோனபோது, திருப்பி அனுப்பாவிட்டால் கொல்லப்படும் என அந்நாட்டு அமைச்சரே எச்சரித்தார்.

'பெட் பாஸ்போர்ட்' போதுமா?

போதாது. ஐரோப்பிய பெட் பாஸ்போர்ட்டை ஐரோப்பாவில்தான் தருவார்கள். நம்மூர் கிளினிக்கில் அந்தப் பெயரில் கொடுப்பது தடுப்பூசிப் புத்தகம் மட்டுமே. இங்கிருந்து கிளம்ப, மத்திய அரசின் ஏ.க்யூ.சி.எஸ். மையத்தில் சுகாதாரச் சான்றிதழ் வாங்க வேண்டும். சென்னையிலும் மையம் உண்டு. ஐரோப்பா போகும் சான்றிதழ் 10 நாளுக்குள் பயன்படுத்தப்பட வேண்டும் என்பதால், இதை முன்கூட்டியே வாங்கி வைக்கவும் முடியாது.

பிரிட்டன் போகும் நாய்க்கு, போய்ச் சேர்வதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்தும் கொடுத்திருக்க வேண்டும். அங்கே விமானத்தில் மடியில் வைத்துக் கூட்டிப்போகவும் முடியாது, கார்கோதான். விளம்பரத்தைப் பார்த்து ஆசையாக வாங்கிய பக் வகை நாய்களுக்கு அதிலும் சிக்கல். சப்பை மூக்கு நாய்கள் மூச்சுத் திணறும் என்று பல விமான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. டிக்கெட் போடும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

ஏற்கெனவே ஐரோப்பாவில் நாயுடன் இருப்பவர்கள் லீவுக்கு ஊருக்குக் கூட்டி வருவதாக இருந்தால், டைட்டர் டெஸ்ட்டை அங்கேயே முடித்து பாஸ்போர்ட்டில் பதிந்துவிட்டுக் கிளம்பலாம். திரும்பும்போது அந்த 3 மாதக் காத்திருப்பு இருக்காது.