பகுதிநேரம் என்றால் பாதி ஆயத்தமா?



“சனிக்கிழமை மூன்று மணிநேரம் பேசிவிட்டு வந்தால் போதும். கைச்செலவுக்கும் ஆயிற்று; விரிவுரையாளர் என்னும் பெயரும் ஆயிற்று.” நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் அறைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பணியில் இருந்துகொண்டே பட்டமும் முதுகலையும் முடித்த நம் ஆசிரியர்கள் பலர் இன்று தனியார் கல்லூரிகளில் வாரயிறுதி வகுப்பு எடுக்கின்றனர். எடுக்கட்டும். நானும் சில ஆண்டுகளாக எடுத்து வருகிறேன். என் சினமெல்லாம் அந்தப் ‘பேசிவிட்டு வந்தால் போதும்’ என்னும் சொல்லின்மீதுதான்.

அந்த வகுப்பில் அமர்ந்திருப்போர் யார் என்று முதலில் பார்ப்போம். நம்மவர்களைக் கல்லூரிகள் பெரும்பாலும் அழைப்பது பாலர்கல்வி டிப்ளோமா வகுப்புகளுக்கு. 2013 முதல் 2025 வரைக்குமான மலேசியக் கல்விப் பெருந்திட்டம், பாலர்பள்ளி ஆசிரியர்களின் தகுதி டிப்ளோமா அளவுக்கு உயரவேண்டும் என வலியுறுத்தியது. அதனால் வேலை பார்த்துக்கொண்டே படிக்க வந்த பெண்கள் பலர். திங்கள் முதல் வெள்ளி வரை ஏதேனும் ஒரு பாலர்பள்ளியில் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து, காலணி மாட்டிவிட்டு, பெற்றோர் வரும்வரை காத்திருந்து வீடு திரும்புகிறவர்கள். ஒருத்திக்குப் பத்தொன்பது வயது. அவள் அருகில் இருப்பவர் இரண்டு பிள்ளைகளின் தாய். கட்டணம் பெரும்பாலும் பி.டி.பி.டி.என். கடன். வேலைக்குப் போய் மாதந்தோறும் அவர்களே திருப்பிக் கட்டவேண்டிய பணம் அது.

சரி, இவர்கள் யாருடைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார்கள்? ஐந்து வயதில் இவர்களிடம் பென்சில் பிடிக்கக் கற்ற பிள்ளைதான் ஏழாவது வயதில் முதலாம் ஆண்டு வகுப்பில் நம் முன்னால் வந்து உட்காருகிறது. “பாலர்பள்ளியில் என்னதான் சொல்லிக் கொடுத்தார்களோ!” என்று அப்போது நாம் அலுத்துக்கொள்கிறோம். அந்தப் பாலர்பள்ளி ஆசிரியைக்கு யார் சொல்லிக் கொடுத்தார் என்று மட்டும் நாம் கேட்பதில்லை. பல வேளைகளில் சொல்லிக் கொடுத்தவர் நம்மவரே.

ஏழு வயதுப் பிள்ளைக்குக் கற்பிக்க இந்நாடு நம்மிடம் எவ்வளவு கேட்கிறது! 2007-இல் தொடங்கிய ஆசிரியர் இளங்கலைப் படிப்பு நான்காண்டு. அதற்கும் முன்பே ஓர் ஆயத்தப் பயிற்சி. அதற்கு முந்திய தலைமுறையினரான நாங்களும் ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்றே வந்தோம். நுண்கற்பித்தல், பயிற்றுத்துணைப்பொருள் செய்தல், பயிற்றுப்பணி என்று பிழிந்தெடுத்தார்கள். விரிவுரையாளர் கடைசி வரிசையில் அமர்ந்து குறிப்பெடுப்பார், மணி அடித்ததும், “உங்கள் பீடிகைக்கும் பாடத்துக்கும் என்னம்மா தொடர்பு?” என்று கேட்பார். விடை சொல்ல முடியாமல் நின்றவர் எத்தனை பேர்!

பதினெட்டு வயது மாணவிக்குக் கற்பிக்கக் கேட்பதோ வேறு. டிப்ளோமா வகுப்பென்றால் அத்துறையில் ஓர் இளங்கலைப் பட்டம். 1996-ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்விச் சட்டத்தின்படி கற்பிப்பதற்கான ஓர் அனுமதி. கற்பிக்கத் தெரியுமா, தெரியாதா என்று பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. அங்கு நுழைகின்ற பலருக்கு இல்லாத ஒரு செல்வம், கற்பித்தல் என்னும் தொழில், தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் நிறையவே இருக்கிறது. அதைக் கல்லூரி வாசலில் காலணியைக் கழற்றி விடுவதுபோல் கழற்றிவிட்டு உள்ளே போகின்றவரை நான் என்னவென்று சொல்ல!

கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறேன். பள்ளியில் எழுத்தட்டையும் கதைப்புத்தகமும் கைப்பாவையுமாகத் துள்ளித் திரிகின்ற ஆசிரியர், கல்லூரி அறைக்குள் போனதும் கழுத்துப்பட்டையை இறுக்கிக்கொண்டு மின்படத்தை ஓடவிடுகிறார். ஒரு படத்தில் பதினைந்து வரி. அதை அப்படியே வாசிக்கிறார். மாணவிகள் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்கின்றனர். ‘விரிவுரை’ முடிந்தது! பியாசேயின் அறிவு வளர்ச்சிக் கொள்கையை இப்படி மூன்று மணிநேரம் வாசித்தால் யாருக்கு என்ன விளங்கும்? ஒரே அளவான இரு குவளைகளில் சமமாக நீர் ஊற்றுங்கள். ஒன்றிலுள்ள நீரை ஒடுங்கிய உயரமான குவளைக்கு மாற்றுங்கள். “எதில் தண்ணீர் அதிகம்?” என்று நான்கு வயதுப் பிள்ளையைக் கேட்டு வரச்சொல்லி அந்தப் பெண்களை வீட்டுக்கு அனுப்புங்கள். அடுத்த சனிக்கிழமை அவர்களே வகுப்பை நடத்துவார்கள். “டீச்சர், என் மகனும் உயரமான குவளையைத்தான் காட்டினான். நான் திரும்ப ஊற்றிக் காட்டியும் கேட்கவில்லை!” என்று என் மாணவி ஒருவர் வியந்து சொன்ன பிறகு, இரண்டு முதல் ஏழு வயது வரையிலான அந்தப் படிநிலையின் பெயரை அவருக்கு நான் மனனம் செய்விக்க வேண்டியிருக்கவில்லை. செலவு? தண்ணீர் மட்டும்தான்.

“இவர்கள் வளர்ந்தவர்கள் ஆயிற்றே, பீடிகையும் குவளையும் எதற்கு?” என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். வளர்ந்தவர்கள்தாம். அதனாலேதான் கூடுதலாக வேண்டும். வாரம் முழுதும் பிள்ளைகளோடு மாரடித்துவிட்டு, ஓய்வு நாளையும் விட்டு வருகிறவர்கள் அவர்கள். நம்முடைய ஆண்டு ஒன்று மாணவனுக்குக் கவனம் சிதறினால் அவன் எழுந்து ஓடிவிடுவான், நமக்குத் தெரிந்துவிடும். இவர்களோ மரியாதைக்காகத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் தலையாட்டலைத் தம் விரிவுரைக்குக் கிடைத்த வெற்றி என நம்பிக்கொண்டிருக்கும் விரிவுரையாளர்கள் உளர்.

இடுபணியின் கதை இன்னும் மோசம். வாசிக்கப்பட்ட மின்படத்திலிருந்து பிறக்கின்ற இடுபணியை இப்பொழுது சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்துவிடுகிறது. மாணவியும் உழைக்கவில்லை, அட்டையைப் பார்த்து மதிப்பெண் போடுபவரும் உழைக்கவில்லை. ஒரு கதையை ஐந்து பிள்ளைகள் முன் சொல்லிக் காட்டு, எந்த இடத்தில் அவர்கள் கவனம் சிதறியது, நீ என்ன செய்தாய் என்று சிந்தனை மீட்சி எழுதி வா என்றால், எந்த இயந்திரம் அவளுக்காகப் போய்க் கதை சொல்லும்? சிந்தனை மீட்சியை நாள்பாடத் திட்டத்தில் அன்றாடம் எழுதுகின்ற நமக்கு இது புதிதா? பொய்யாக எழுதப்பட்ட மீட்சியை முதல் வரியிலேயே கண்டுபிடிக்கவும் நம்மால் முடியுமே!

இனிக் கல்லூரிகளின் பக்கம் வருகிறேன். ஒரு தனியார் கல்லூரியிலிருந்து எனக்கு ஒரு வியாழக்கிழமை மாலை அழைப்பு வந்தது. வகுப்பு சனிக்கிழமை காலை. பாடத்திட்டம் எங்கே என்று கேட்டேன். மூன்றாண்டுக்கு முன்பு வேறொருவர் செய்த மின்படங்களை அனுப்பினார்கள். அவர் பெயரைக்கூட எடுக்கவில்லை. “நீங்கள் அனுபவசாலி, சமாளித்துவிடுவீர்கள்” என்று புகழ்மொழி வேறு. நம் பள்ளியில் தற்காலிக ஆசிரியர் வந்தால்கூட ஆண்டுப் பாடத்திட்டத்தையும் வகுப்பு அட்டவணையையும் கையில் கொடுத்துத்தானே உள்ளே அனுப்புகிறோம்! அந்த வகுப்பை நான் ஏற்கவில்லை. என்ன பயன்? அன்றிரவே வேறோர் ஆசிரியர் ஏற்றுக்கொண்டார். வியாழன் அழைத்தாலும் சனிக்கிழமை வந்து நிற்க நம்மில் ஒருவர் இருக்கும்வரை எந்தக் கல்லூரி திருந்தும்?

கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். நம் நாட்டுத் தகுதிநிலைக் கட்டமைப்பின்படி 1 கிரெடிட் என்பது மாணவர் செலவிடவேண்டிய 40 மணிநேரக் கற்றல். 3 கிரெடிட் பாடம் என்றால் 120 மணிநேரம். வாரத்துக்கு 3 மணி வீதம் 14 வாரம் வகுப்பு நடந்தால் 42 மணிதான் ஆகிறது. மிச்சம் 78 மணிநேரம் வாசிப்பும் தேடலும் இடுபணியும் தேர்வுக்கான ஆயத்தமும். இந்த 78 மணிநேரத்தைத் திட்டமிட்டு வழிநடத்துவதும் பாடம் எடுப்பவருடைய வேலைதான். ‘மூன்று மணிநேரம் பேசிவிட்டு’ வருகிறவர் பாடத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தொடுகிறார் என்பது இதன் பொருள்.

ஊதியமோ அந்த 42 மணிக்குத்தான். மணிக்கு 50 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,100 வெள்ளி. ஒவ்வொரு வகுப்புக்கும் 3 மணிநேரம் ஆயத்தம் செய்தால் இன்னும் 42 மணி. 30 மாணவிகளுக்கு ஆளுக்கு இரண்டு இடுபணி, ஒன்றுக்கு 20 நிமிடம் என்றால் 20 மணி. தேர்வுத்தாள் திருத்த 10 மணி. ஆகமொத்தம் 114 மணி. மணிக்கு 18 வெள்ளி சொச்சம்தான் தேறுகிறது. எண்ணெயும் சாலைக் கட்டணமும் வருமான வரியும் போக என்ன மிஞ்சும் என்பதை நீங்களே கணக்கிடுங்கள். இதைக் காட்டி, “கொடுக்கிற காசுக்கு இவ்வளவு போதும்” என்று ஆயத்தத்தைச் சுருக்குவோர் உண்டு. குறைந்த ஊதியத்துக்குக் கல்லூரியோடு வாதாடத் துணிவில்லாமல், கடன் வாங்கிப் படிக்க வந்த பெண்ணின் பங்கில் கைவைப்பது என்ன நியாயம்? எத்தனை மாணவர்கள், திருத்துவதற்குத் தனி ஊதியம் உண்டா, சேர்க்கை குறைந்து வகுப்பை நிறுத்தினால் எடுத்த வகுப்புகளுக்குப் பணம் வருமா, எப்போது வரும் என்பவற்றையெல்லாம் கையொப்பமிடுவதற்கு முன்னால் கேளுங்கள். கேட்டால் வாய்ப்புப் போய்விடும் என்பார்கள். போகட்டும்.

கையொப்பம் என்றதும் இன்னொன்று. நாம் அரசு ஊழியர்கள். 1993-ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் (நடத்தை, ஒழுங்கு) விதிமுறைகள், ஊதியத்துக்காக வெளிவேலை செய்ய எழுத்துவழி முன் அனுமதி பெறவேண்டும் என்கின்றன. தலைமையாசிரியருக்குத் தெரியாமல் ஓசையின்றிப் போய்வருவோர் இதைப் பெரிதாக எண்ணுவதில்லை. பிறகு, சனிக்கிழமை பள்ளி விளையாட்டுப் போட்டி வந்தால் வயிற்றுவலி வருகிறது! வெள்ளிக்கிழமை பிற்பகல் நான்காம் ஆண்டு மாணவர்களுக்குப் பயிற்றியைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டுக் கல்லூரி மின்படம் செய்கின்றவரை, அனுமதிக் கடிதம் இருந்தாலும் நான் மன்னிக்கமாட்டேன். பெற்றோர்கள் இதற்காக முறையிட்டால் அதில் தவறே இல்லை.

இவ்வளவும் எதற்கு நேர்கிறது? ‘வெறும் தமிழ்ப்பள்ளி வாத்தியார்’ என்று நம்மைப் பற்றி நாமே வைத்திருக்கும் தாழ்ந்த எண்ணத்தினால் என்பது என் கருத்து. திருமண அழைப்பிதழில் பெயருக்குக் கீழே ‘கல்லூரி விரிவுரையாளர்’ என்று அச்சிட்ட ஆசிரியரை நான் அறிவேன். இருபது ஆண்டு ஆசிரியப்பணி அந்த அழைப்பிதழில் ஒரு வரிகூடப் பெறவில்லை. ஆனால், அவரைக் கல்லூரிக்குத் தகுதியாக்கியது அந்த இருபது ஆண்டுதான். பிள்ளை ஏன் ‘ழ’கரத்தில் தடுமாறுகிறான், எந்தப் பிள்ளைக்குக் கண்பார்வை குறை, எந்தப் பிள்ளை காலையில் பசியோடு வருகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்தப் பெண்கள் கேட்க ஏங்குவதும் இதையேதான். மின்படத்தில் இல்லாத இந்த அறிவை வகுப்பில் வைக்காமல் வேறு எதை வைக்கப் போகிறார்?

பெற்றோர்களே! எஸ்.பி.எம். முடிவு வந்ததும் கல்லூரிகளின் வண்ண அறிக்கைகள் உங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். இலவச மடிக்கணினி, குளிரூட்டிய அறை, கடனுக்கு நாங்களே விண்ணப்பிப்போம் என்று அடுக்குவார்கள். மகளைப் பாலர்கல்வி டிப்ளோமாவில் சேர்க்க நினைத்தால், கட்டடத்தைப் பார்த்தது போதும் என்று முகப்பில் இருப்பவரிடம் இவற்றைக் கேளுங்கள்: பாடம் எடுப்போரில் எத்தனை பேர் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர்கள்? பருவத்தின் நடுவில் ஆசிரியர் மாறினால் வகுப்பை யார் எடுப்பார்? மகள் பயிற்றுப்பணிக்குப் போகும்போது யாராவது நேரில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார்களா? பதில் சொல்லத் தெரியாமல் மீண்டும் மடிக்கணினியைக் காட்டினால், கடன் விண்ணப்பத்தில் கையொப்பமிடாமல் மகளை அழைத்துக்கொண்டு வீடு திரும்புங்கள்.