மேசையில் தண்ணீர் இருந்ததா?

பந்தயத்துக்கு முந்தைய வாரம் எங்கள் வாட்ஸப் குழுவில் நடந்த பேச்சை இப்போது எடுத்துப் படித்தால் சிரிப்பு வருகிறது. பின் டயர் 2.25 அங்குலமா, 2.4 அங்குலமா என்று இரண்டு நாள். முன் பல்சக்கரத்தில் 32 பல்லா, 34 பல்லா என்று ஒரு நாள். ஒருவர் சீட் போஸ்ட்டைக் கார்பனுக்கு மாற்றி 90 கிராம் குறைத்துவிட்டதாகத் தராசுப் படத்தோடு அறிவித்தார். பதினேழு பேர் தீ எமோஜி போட்டார்கள். பதினெட்டாவது நான். வழியில் எத்தனை இடத்தில் தண்ணீர் கிடைக்கும், என்ன சாப்பிடக் கொடுப்பார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

பெங்களூருக்கு வெளியே, பாறைக் குன்றுகளும் யூகலிப்டஸ் தோப்புகளுமாக இருக்கும் ஒரு பகுதியில் 60 கிலோமீட்டர் மலைச் சைக்கிள் பந்தயம். மார்ச் மாதம். நுழைவுக் கட்டணம் 2,500 ரூபாய். அதற்கு ஒரு டி-ஷர்ட், ஒரு பதக்கம், ஊதி நிறுத்திய பெரிய வளைவு, டிரோன் கேமரா, காது கிழியும் பாட்டு. சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்ததால் ஆறரைக்குத் தொடங்க வேண்டிய பந்தயம் ஏழரைக்குத் தொடங்கியது. மார்ச் மாதத்தில் அந்த ஒரு மணி நேரம் என்பது என்ன என்று வெயிலில் சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தெரியும். மேடையில் இருந்தவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

34ஆவது கிலோமீட்டரில் இரண்டாவது தண்ணீர் மேசை. நான் போய்ச் சேர்ந்தபோது மேசை இருந்தது, பேனர் இருந்தது, காலி கேன்கள் இருந்தன. கீழே வாழைப்பழத் தோல்கள் குவிந்து கிடந்தன. தோல் மட்டும்தான். இரண்டு கல்லூரிப் பையன்கள் குற்றவாளிகளைப் போல நின்றிருந்தார்கள். "சாரி சார், முன்னாடி வந்தவங்க தலையில ஊத்திக்கிட்டாங்க. வண்டி வந்துட்டே இருக்கு சார்." அந்த வண்டி எப்போது வந்ததோ தெரியாது. பாட்டிலில் பாதி இருக்கிறதே, சமாளித்துவிடலாம் என்று கிளம்பினேன்.

41ஆவது கிலோமீட்டரில் வலது தொடை பிடித்துக்கொண்டது. இறங்கி நடந்தால் இடது தொடை. ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தேன். எழுந்தால் தலை சுற்றியது. பயந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. கைபேசியில் சிக்னல் இல்லை. எனக்கு முன்னும் ஆளில்லை, பின்னும் ஆளில்லை. இருபத்தைந்து நிமிடம் அங்கேயே இருந்தேன். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மண்பாதையில் இறங்கினால், தார்ச்சாலை ஓரத்தில் ஒரு பெட்டிக்கடை. எலுமிச்சை சோடா கேட்டேன். கடைக்கார அம்மா கேட்டார்: உப்பா, சர்க்கரையா? "ரெண்டும் போடுங்கம்மா." அடுத்தடுத்து மூன்று கிளாஸ். பதினைந்து நிமிடத்தில் உலகம் மறுபடி நேராக நின்றது.

அந்தக் கேள்வியிலும் பதிலிலும் இருந்த விஞ்ஞானம், எங்கள் குழுவின் ஒரு வார விவாதத்தில் இல்லை. அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

*

முதலில் என் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். அந்தப் பந்தயத்துக்காக 95 ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கார்பன் சக்கரங்கள் வாங்கியிருந்தேன். பழைய சக்கரங்களைவிட 360 கிராம் குறைவு. நான், சைக்கிள், சாமான் எல்லாம் சேர்த்து 90 கிலோ. அதில் 360 கிராம் என்பது 0.4 சதவீதம். செங்குத்தான ஏற்றத்தில் நேரம் கிட்டத்தட்ட மொத்த எடைக்கு நேர்விகிதத்தில் கூடும் குறையும். ஆக, ஒரு மணி நேரம் ஏறினால் எனக்கு மிச்சம் பதினான்கு நொடி. சக்கர எடையை இரண்டு மடங்காகக் கணக்குப் போட வேண்டும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். வேகத்தைத் திடீரென்று கூட்டும்போது அது சரி. சீராக ஏறும்போது சக்கரத்தில் இருந்தால் என்ன, சட்டைப் பையில் இருந்தால் என்ன, கிராம் கிராம்தான். பாறை நிழலில் நான் உட்கார்ந்திருந்தது இருபத்தைந்து நிமிடம். அதை அந்தச் சக்கரங்களைக் கொண்டு ஈடுகட்ட நூறு மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் ஏற வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எடை குறைக்கிறேன் பேர்வழி என்று இரண்டாவது பாட்டில் கூண்டை நானேதான் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். முக்கால் லிட்டர் நிரம்பிய பாட்டில் 800 கிராமுக்கு மேல் இருக்குமே! தண்ணீரைக் கழித்துத் தராசில் ஜெயித்தவன் நான். ஆகவே 'உன் தப்புதானே' என்று யாராவது சொன்னால், ஆமாம், பாதி என் தப்பு. அந்தத் தப்பை எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள், மீதிப் பாதி யாருடையது என்பதுதான் என் கேள்வி.

*

சாமான் முக்கியமே இல்லை என்று சொல்லும் சாமியார்த்தனம் எனக்கு இல்லை. நான் பொறியாளன், நல்ல கருவியைப் பார்த்தால் கண் விரியும். இந்த விளையாட்டே கருவியில் பிறந்ததுதான். 1976இல் கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் சில இளைஞர்கள் பழைய ஷ்வின் சைக்கிள்களில் மலையிலிருந்து கீழே பாய்ந்து பந்தயம் வைத்தார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக். ஒரு முறை இறங்கி முடிப்பதற்குள் ஹப்பில் இருக்கும் கிரீஸ் உருகிப் புகைந்துவிடும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். அங்கே இருந்த ஜோ பிரீஸ் அடுத்த ஆண்டே மலைக்கென்று தனி ஃப்ரேம் செய்தார். தேவையிலிருந்து வந்த கருவி அது. பிரேக் பிடிக்கவில்லை, பிரேக்கை மாற்று. ஃப்ரேம் உடைகிறது, ஃப்ரேமை மாற்று.

இன்றைக்கும் உலகக்கோப்பையில் ஓட்டுகிறவர்களைப் பாருங்கள். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அவர்கள் ஏற்றுக்கொண்ட மாற்றங்களில் பல எடையைக் கூட்டியவை. 26 அங்குலச் சக்கரம் போய் 29 வந்தது. டயர்கள் அகலமாயின. முன்னால் மட்டும் இருந்த சஸ்பென்ஷன் பின்னாலும் வந்தது. இறக்கத்தில் இருக்கையைத் தாழ்த்தும் டிராப்பர் போஸ்ட் வந்தது, அது சாதாரண சீட் போஸ்ட்டைவிட எவ்வளவோ கனம். ஏன் ஏற்றுக்கொண்டார்கள்? மலை தராசு இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். பிடிமானம், கட்டுப்பாடு, களைப்பு குறைவது ஆகியவற்றுக்காக எடையைக் கொடுத்தார்கள். தராசுப் படம் போட்டுத் தீ எமோஜி வாங்குவது நம்மைப் போன்ற வாரக் கடைசி வீரர்கள்தான்.

ஆகவே சாமான் வாங்கும் தம்பி தங்கைகளுக்கு என் வரிசை இது. முதலில் உங்கள் உயரத்துக்குப் பொருந்தும் ஃப்ரேம். பிறகு நம்பி இறங்க நல்ல டிஸ்க் பிரேக். பிறகு நல்ல டயர், டியூப்லெஸ், காற்றழுத்தம் பார்க்க ஒரு மீட்டர். காற்றைக் கல்லாக அடைத்து ஓட்டாதீர்கள். கரடுமுரடான தரையில் கொஞ்சம் குறைந்த அழுத்தம்தான் வேகம், ஒவ்வொரு கல்லிலும் துள்ளித் துள்ளி வேகத்தை வீணாக்காமல் உருளும். பிறகு முட்டி நோகாமல் ஏற ஒரு சிறிய கியர். பிறகு இரண்டு பாட்டில் கூண்டு. ஆமாம், இரண்டு. இதற்குப் பிறகும் கையில் காசு மிஞ்சினால் கார்பனைப் பற்றிப் பேசலாம், எனக்கும் சொல்லி அனுப்புங்கள்.

*

இப்போது எலுமிச்சை சோடாவுக்கு வருகிறேன்.

தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து நம் உடம்பு கிளைக்கோஜனாக வைத்திருக்கும் மாவுச்சத்து சுமார் 400, 500 கிராம். கடுமையாக ஓட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அடித்தட்டு தெரிய ஆரம்பிக்கும். கொழுப்பு ஏராளமாக இருக்கிறது, ஆனால் மலையேற்றத்துக்கு வேண்டிய வேகத்தில் அது எரியாது. ஆகவே வழியில் சாப்பிட வேண்டும். நீண்ட பந்தயங்களில் மணிக்கு 30 முதல் 60 கிராம் சர்க்கரைச்சத்து, பழகியவர்கள் 90 கிராம் வரை என்பது விளையாட்டு மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. குளுக்கோஸை மட்டும் கொடுத்தால் குடலின் ஒரே வாசலில் நெரிசல், மணிக்கு 60 கிராமுக்கு மேல் உள்ளே போவது கஷ்டம். ஃபிரக்டோஸுக்கு வேறு வாசல். இரண்டையும் கலந்தால் கூடுதலாகப் போகும். விலை உயர்ந்த ஜெல் பாக்கெட்டின் ரகசியம் அதுதான். நம் வீட்டுச் சர்க்கரை பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். ரகசியம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து டப்பாவிலேயே இருக்கிறது.

உப்பின் கதை இன்னும் பெரியது. சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துக்கொண்டு குடல் சுவரைத் தாண்டுகின்றன, கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகின்றன என்று 1960இல் ராபர்ட் கிரேன் முன்வைத்தார். 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையோர போங்காவ் அகதி முகாமில் காலரா. ஊசி வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மஹாலனாபிஸ் என்ற மருத்துவர் குளுக்கோஸையும் உப்பையும் சமையல் சோடாவையும் தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். 30 சதவீதம் அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று மருந்துக்கடையில் வாங்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தின் வரலாறு அது. பளபளக்கும் விளையாட்டு பானங்கள் நிற்பதும் இதே உடலியலின் மீதுதான். பந்தயத்துக்கு ஓஆர்எஸ் மட்டும் போதாது, அதில் லிட்டருக்குப் பதிமூன்றரை கிராம்தான் குளுக்கோஸ். கூட வாழைப்பழமோ வெல்லமோ வேண்டும். அதற்காக வெறும் தண்ணீரை வயிறு முட்டக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிமுடித்துப் பரிசோதிக்கப்பட்டவர்களில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது.

தண்ணீர், உப்பு, சர்க்கரை, வாழைப்பழம். ஓர் ஆளுக்கு என்ன செலவாகிவிடப் போகிறது? ஊதிய வளைவின் வாடகையில் பத்தில் ஒரு பங்கு வருமா?

*

அமைப்பாளர்கள் பக்கம் ஒரு பதில் உண்டு. நான் மின்னஞ்சல் அனுப்பியபோது எனக்கும் அதுவே வந்தது. 'மலைச் சைக்கிளின் ஆன்மாவே தற்சார்புதான், தன்னைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கான விளையாட்டு இது.' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தொடக்க காலத்தில் வெளியாள் உதவியே கூடாது, செயின் அறுந்தால் நீயேதான் கோக்க வேண்டும் என்ற மரபும் உண்மையில் இருந்தது.

ஆனால் உச்சியில் இருப்பவர்களுக்கே இன்று அந்த மரபு இல்லை. அவர்களுக்கு உணவும் உதிரிச் சக்கரமும் தரக் குறிக்கப்பட்ட பகுதிகள் சுற்றுதோறும் உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டாம் பிட்காக்கின் முன் டயரில் காற்று இறங்கியது. அந்தப் பகுதியில் சக்கரத்தை மாற்றிக்கொண்டார், அரை நிமிடத்துக்கும் மேல் போனது, விரட்டிப் பிடித்துத் தங்கம் வாங்கினார். உலகின் தலைசிறந்த வீரனுக்கு ஆள் நிற்கும். கடைசியில் வரும் நாற்பத்தைந்து வயது வங்கி ஊழியருக்குத் தற்சார்பு. நல்லா இருக்கே நியாயம்!

உண்மையான தற்சார்பைக் கேட்கிறீர்களா, அதை முன்கூட்டியே சொல்லுங்கள். நார்வேயின் பிர்க்கெபைனர் பந்தயத்தின் மரபு மூன்றரை கிலோ முதுகுப்பை சுமந்து ஓட்டுவது. 1206இல் குழந்தை இளவரசனைத் தூக்கிக்கொண்டு பனிமலையைத் தாண்டிய வீரர்களின் நினைவு அது. எல்லோரும் தெரிந்தே சுமந்தார்கள். 'தண்ணீர் தரமாட்டோம், மூன்று லிட்டர் எடுத்து வா' என்று அறிவித்திருந்தால் நானும் சுமந்திருப்பேன். மூன்று மேசை உண்டு என்று வரைபடத்தில் குறித்துவிட்டு, அதை நம்பி வந்தவனிடம் ஆன்மாவைப் பற்றிப் பாடம் எடுப்பது வேறு சமாச்சாரம்.

அமெரிக்காவின் லெட்வில் பந்தயத்தையும் சொல்ல வேண்டும். கொலராடோவில், கடல்மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேலே ஒரு சுரங்க ஊர். 1982இல் கிளைமாக்ஸ் சுரங்கம் மூடப்பட்டு ஊரே வேலையிழந்தது. அடுத்த ஆண்டு கென் க்ளோபர் என்ற சுரங்கத் தொழிலாளி அங்கே 100 மைல் ஓட்டப்பந்தயத்தைத் தொடங்கினார். 1994இல் சைக்கிளும் சேர்ந்தது. ஒன்பது மணி நேரத்துக்குள் வருபவருக்குப் பெரிய பெல்ட் பக்கிள் கிடைக்கும், பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வந்தாலே ஒரு பக்கிள் உண்டு. பன்னிரண்டாவது மணியில் வருகிறவரும் பந்தயத்தின் ஆள்தான் என்று அதற்குப் பொருள். அவர் வரும்வரை மேசையில் தண்ணீர் இருந்தாக வேண்டும்.

எங்கள் பந்தயத்தில் கட்டணத்தின் பெரும்பகுதி யாரிடமிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். பரிசுக்கு ஓட்டியவர்கள் இருபது பேர் இருக்கலாம். மற்றவர்கள் எல்லோரும் என்னைப் போலப் பின்னால் வந்தவர்கள். முன்னால் வந்தவர்கள் தலையில் ஊற்றிக்கொண்ட தண்ணீரும் எங்கள் காசில் வாங்கியதுதான். வேகமாக வருகிறவன் வெயிலில் மூன்று மணி நேரம் இருக்கிறான், மெதுவாக வருகிறவன் ஆறு மணி நேரம். யாருக்கு அதிகத் தண்ணீர் வேண்டும் என்பதற்கு அல்காரிதம் தேவையில்லை.

*

சைக்கிள் விற்கிறவர்கள் ஒருநாளும் தண்ணீரைப் பற்றிப் பேசமாட்டார்கள். அதில் லாபம் இல்லை. ஆனால் நாம் ஏன் பேசுவதில்லை? சாமானைப் பற்றிப் பேசுவது சுலபம், அதற்கு எண் இருக்கிறது, படம் இருக்கிறது, தவணைத் திட்டம் இருக்கிறது. உடம்பைப் பற்றிப் பேசினால் தாகம், பயம், வயது எல்லாவற்றையும் பேச வேண்டிவரும். அதைத் தவிர்க்கத்தான் 95 ஆயிரம் ரூபாய் கொடுத்தேனோ என்று இப்போது தோன்றுகிறது.

அந்தச் சக்கரங்களை விற்கவில்லை. நன்றாக உருளுகின்றன, பொய் சொல்லக்கூடாது. ஆனால் இரண்டாவது கூண்டை மறுபடி மாட்டிவிட்டேன். ஒரு பாட்டிலில் தண்ணீர், இன்னொன்றில் சர்க்கரையும் உப்பும் எலுமிச்சையும். எந்தப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும் முன்பும் அமைப்பாளருக்கு இரண்டு கேள்வி அனுப்புகிறேன். எத்தனை மேசை? கடைசி ஆள் வரும்வரை தண்ணீர் இருக்கும் என்பதற்கு யார் பொறுப்பு? ஒருவர் மட்டும் பெயரும் எண்ணும் போட்டுப் பதில் அனுப்பினார். அடுத்த மாதம் அங்கேதான் போகிறேன்.

குழுவில் சென்ற வாரம் ஒரு தம்பி புது கார்பன் ஹேண்டில்பாரைத் தராசில் வைத்துப் படம் போட்டான். எமோஜி போடவில்லை. "வழியில எத்தனை இடத்துல தண்ணி?" என்று கேட்டேன். இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.