நரம்புச் சிதைவு நோய்களும் காப்புரிமைக் கொள்ளையும்

2025 அக்டோபர் 9 அன்று, சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனம் தொடுத்த மேல்முறையீட்டைத் தில்லி உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தள்ளுபடி செய்தது. அடுத்த எட்டு நாட்களில், அக்டோபர் 17 அன்று, உச்சநீதிமன்றமும் தலையிட மறுத்தது. அதைத் தொடர்ந்து ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் ரிஸ்டிப்ளாம் மருந்தின் ஜெனரிக் வடிவத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ரோஷின் மருந்து ஒரு புட்டி சுமார் 6.2 லட்சம் ரூபாய். நாட்கோ அறிவித்த விலை 15,900 ரூபாய். ஏறத்தாழ 39 மடங்கு வேறுபாடு! அந்த வேறுபாட்டின் பெயர்தான் ஏகபோகம்.

எஸ்.எம்.ஏ. என்று அழைக்கப்படும் முதுகுத்தண்டுத் தசைநலிவு ஒரு மரபணு நோய். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் உயிர்வாழத் தேவையான புரதம் போதிய அளவு சுரக்காததால் அந்த அணுக்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. கடுமையான வகையில் பச்சிளம் குழந்தையால் தலை நிமிர்த்த முடியாது, விழுங்க முடியாது, இறுதியில் மூச்சுவிடவும் முடியாது. வாய்வழி உட்கொள்ளும் ரிஸ்டிப்ளாம் அந்தப் புரதத்தின் சுரப்பைக் கூட்டுகிறது. ஆனால் மடிந்துபோன நரம்பணுவை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. எனவே இந்த நோயில் காலதாமதம் என்பது திரும்பப் பெற முடியாத இழப்பு. விலை கட்டுப்படியாகாமல் கழியும் ஒவ்வொரு மாதமும் ஒரு குழந்தையின் உடலிலிருந்து எதையோ நிரந்தரமாகப் பறித்துச் செல்கிறது.

ஐம்பது லட்சத்தின் ஆயுள் தொண்ணூற்றாறு நாட்கள்

20 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள நோயாளிக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் தேவை. ஒரு புட்டியில் இருப்பது 60 மில்லிகிராம். பன்னிரண்டு நாட்களில் அது தீர்ந்துவிடும். ஆண்டுக்கு முப்பது புட்டிகள். ரோஷின் விலைப்படி இது 1.86 கோடி ரூபாய். அரிய நோய்களுக்கான 2021ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை ஒரு நோயாளிக்கு வழங்கும் உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய். அந்தத் தொகைக்கு எட்டுப் புட்டிகள் கிடைக்கும். தொண்ணூற்றாறு நாட்களுக்குப் பிறகு, வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டிய மருந்துக்கு அந்தக் குடும்பம் எங்கே போகும்? தில்லியிலும் கேரளத்திலும் நோயாளிகளின் குடும்பங்கள் நீதிமன்றப் படியேற நேர்ந்தது இதனால்தான்.

50 லட்சத்தையும் கொடுப்பவர்கள் மக்கள். வாங்கிக்கொள்வது ரோஷ். ஏகபோக விலையில் கை வைக்காமல் அரசு அளிக்கும் உதவி, நோயாளியின் வழியாகப் பன்னாட்டு நிறுவனத்தின் கருவூலத்துக்கே போய்ச் சேர்கிறது.

சொந்தக் காப்புரிமையே சாட்சி

ரிஸ்டிப்ளாம் மீதான இந்தியக் காப்புரிமையின் காலம் 2035 வரை. நாட்கோ தன் மருந்தை விற்க இடைக்காலத் தடை கோரி ரோஷ் தில்லி உயர்நீதிமன்றத்தை அணுகியது. இதே நிறுவனத்தின் முந்தைய காப்புரிமை ஏற்கெனவே உள்ளடக்கிய ஒரு சேர்மத்துக்கும் ரிஸ்டிப்ளாமுக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது, துறை அறிந்த எவருக்கும் எளிதில் புலப்படக்கூடியது என்பது நாட்கோவின் வாதம். காப்புரிமையின் செல்லுபடி ஐயத்துக்குரியதே என்று முதலில் 2025 மார்ச்சில் தனி நீதிபதியும், பின்னர் அமர்வும் கண்டு, தடை வழங்க மறுத்தனர். மூல வழக்கின் இறுதித் தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஆனால் ஒரே கண்டுபிடிப்பின் மீது அடுத்தடுத்துக் காப்புரிமை அடுக்கி ஏகபோகத்தின் ஆயுளை நீட்டும் உத்தி இந்த வழக்கில் அம்பலப்பட்டுவிட்டது.

ஆராய்ச்சிக்கு ஆகும் செலவை எப்படி ஈட்டுவது என்று நிறுவனங்கள் கேட்கின்றன. எஸ்.எம்.ஏ.வுக்குக் காரணமான மரபணுவை 1995இல் அடையாளம் கண்டது பிரான்ஸ் நாட்டின் பொது ஆராய்ச்சிக் கட்டமைப்பில் பணியாற்றிய குழு. அந்த அறிவு இல்லாமல் இந்த மருந்து இல்லை. அடித்தள ஆராய்ச்சிக்கான செலவு மக்களுடையது. இலாபம் மட்டும் பங்குதாரர்களுடையது. முதலாளித்துவத்தின் இந்தக் கணக்கைத்தான் அறிவுசார் சொத்துரிமை என்று புனிதப்படுத்துகிறார்கள்.

கையிலுள்ள ஆயுதமும் அதை மழுங்கடிக்கும் அரசும்

1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், மருந்தின் தயாரிப்பு முறைக்கு மட்டுமே காப்புரிமை அளித்தது. இந்தியா உலகின் மருந்தகமாக வளர்ந்தது அந்தச் சட்டத்தின் நிழலில்தான். உலக வர்த்தக அமைப்பின் நிர்ப்பந்தத்தால் 2005இல் பொருளுக்கே காப்புரிமை திரும்பியபோது, இடதுசாரிக் கட்சிகள் நாடாளுமன்றத்திலும் வெளியிலும் போராடிச் சில பாதுகாப்புகளைச் சட்டத்தில் இடம்பெறச் செய்தன. பழைய மருந்தைச் சிறிதளவு மாற்றிப் புதிது என்று காப்புரிமை கோருவதைத் தடுக்கும் பிரிவு 3(டி) அவற்றுள் முதன்மையானது. இந்தப் பிரிவின் துணையால்தான் 2013 ஏப்ரல் 1 அன்று நோவார்டிஸ் நிறுவனத்தின் க்ளீவெக் வழக்கு உச்சநீதிமன்றத்தில் தோற்றது. அதற்கு ஓராண்டு முன்பு, 2012 மார்ச்சில், பேயர் நிறுவனம் மாதத்துக்கு 2.8 லட்சம் ரூபாய்க்கு விற்ற நெக்ஸவார் புற்றுநோய் மருந்துக்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டு, விலை 8,880 ரூபாயாக இறங்கியது. இந்தியா வழங்கிய ஒரே கட்டாய உரிமம் அதுதான்.

மோடி அரசு அந்த ஆயுதத்தைத் துருப்பிடிக்க விட்டிருக்கிறது. 2024 மார்ச் 10 அன்று, ரோஷின் தாய்நாடான சுவிட்சர்லாந்து இடம்பெறும் எஃப்டா கூட்டமைப்புடன் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐந்தே நாட்களில் காப்புரிமை விதிகள் திருத்தப்பட்டன. காப்புரிமை வழங்கப்படும் முன்பே ஆட்சேபிக்கும் உரிமை மீது கூடுதல் கட்டணம் சுமத்தப்பட்டது. காப்புரிமை இந்தியாவில் செயல்படுத்தப்படுகிறதா என்று ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டிய அறிக்கை மூன்றாண்டுக்கு ஒருமுறை என்றாக்கப்பட்டது. 2025 ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான ஒப்பந்தமோ, நிறுவனங்கள் தாமாக முன்வந்து அளிக்கும் உரிமமே விரும்பத்தக்க வழி என்கிறது. திருடன் மனமுவந்து திருப்பித் தரும்வரை காத்திருங்கள் என்பதே இதன் பொருள்!

அடுத்து வரும் மருந்துகள்

இந்தக் கேள்வி எஸ்.எம்.ஏ.வோடு முடியவில்லை. நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேர் மறதிநோயுடன் வாழ்வதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். அல்சைமர் நோய்க்கான டொனானெமாப் மருந்துக்கு 2025 செப்டம்பரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் அதன் ஆண்டு விலை 32,000 டாலர். அதே வகையைச் சேர்ந்த லெக்கனெமாப் மருந்தைப் பதினெட்டு மாதங்கள் சோதித்தபோது, 18 புள்ளி அளவுகோலில் கிடைத்த பயன் 0.45 புள்ளி. மூளை வீக்கம், இரத்தக்கசிவு ஆகிய ஆபத்துகளும் உண்டு. இந்த இரு மருந்துகளையும் பொதுச் செலவில் வழங்கப் பிரிட்டனின் மதிப்பீட்டு நிறுவனம் 2025 ஜூனில் பரிந்துரைக்க மறுத்தது. இதற்கு முன்பு, நிபுணர் குழுவின் எதிர்ப்பை மீறி 2021இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட அடுகனுமாப், 56,000 டாலர் விலையுடன் வந்து, 2024இல் கைவிடப்பட்டது.

அறிவியல் முன்னேற்றத்தை இடதுசாரிகள் வரவேற்கிறார்கள். நோயின் போக்கை மாற்றும் முதல் அடிகள் இவை என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பெற்றோரின் நினைவு மங்குவதைக் கண்டு துடிக்கும் குடும்பத்தின் நம்பிக்கையைக் கையிருப்புச் சரக்காக்கி விற்க அனுமதிக்க முடியாது. பயன் எவ்வளவு, ஆபத்து எவ்வளவு என்பதை விற்பவர் சொல்லக் கூடாது. நிறுவனங்களின் நிதியைச் சாராத பொது மருத்துவமனைகள் ஆராய்ந்து சொல்ல வேண்டும்.

போராட்டம் முடியவில்லை

15,900 ரூபாய் என்பது வெற்றிதான். ஆயினும் முழு வெற்றியன்று. முப்பது புட்டிகளுக்கு 4.77 லட்சம் ரூபாய் ஆகும். 2025 ஏப்ரலில் தில்லி அரசு அறிவித்த திறன்சாராத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதக்கூலி 18,456 ரூபாய். அந்தக் கூலி முழுதாகக் கிடைத்தாலும், இரண்டு ஆண்டுகளின் மொத்தச் சம்பாத்தியமும் ஓராண்டு மருந்துக்குப் போதாது. ஒரு நிறுவனத்துக்குப் பதில் இன்னொரு நிறுவனத்தின் கருணையை நம்புவதும் தீர்வாகாது.

கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு 2024இல் ‘கேர்’ திட்டத்தைத் தொடங்கி, குழந்தைகளுக்கு எஸ்.எம்.ஏ. மருந்தை இலவசமாக அளித்து வழிகாட்டியது. நிதி நெருக்கப்பட்ட ஒரு மாநிலத்தால் முடிந்தது ஒன்றிய அரசால் முடியாதா? ஜெனரிக் ரிஸ்டிப்ளாமை ஒன்றிய அரசே மொத்தமாகக் கொள்முதல் செய்து எல்லா நோயாளிகளுக்கும் இலவசமாக வழங்க வேண்டும். காப்புரிமைச் சட்டத்தின் 92, 100ஆம் பிரிவுகளின் அதிகாரத்தைத் தயக்கமின்றிப் பயன்படுத்த வேண்டும். 2024இன் விதித் திருத்தங்களைத் திரும்பப் பெற வேண்டும். பொதுத்துறை மருந்து ஆலைகளை மூடுவதை நிறுத்தி, இத்தகைய மருந்துகளை அவற்றிலேயே உற்பத்தி செய்ய வேண்டும்.

தில்லியில் திறந்த கதவு தானாகத் திறந்ததன்று. 2005இல் நடந்த போராட்டம் சட்டத்தில் எழுதிவைத்த பாதுகாப்பும், அந்தப் பாதுகாப்பைக் காத்துவந்த நோயாளிகளின் விழிப்பும் சேர்ந்து திறந்தவை அவை. அடுத்த வர்த்தக ஒப்பந்தத்தில் அந்தக் கதவு அடைபடாமல் காக்கும் கடமை உழைக்கும் மக்களின் அமைப்புகளுடையது.