144-ம் ஜீவனாம்சமும்

நூற்று நாற்பத்து நான்கு என்றால் தென்காசிக் கடைவீதியில் இன்றும் தடையுத்தரவுதான் ஞாபகத்துக்கு வரும். வெள்ளைக்காரர் ஆட்சியில் அதை மீறிச் சிறை சென்ற தேசபக்தர்கள் எத்தனையோ பேர். ஆனால் 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் தடையுத்தரவு 163-ஆவது பிரிவுக்குக் குடிபோய்விட்டது. 144-ஆவது பிரிவில் இப்பொழுது வீற்றிருப்பது ஜீவனாம்சம்! முன்பு 125-ஆவது பிரிவாக இருந்ததுதான் அது.

இலக்கம் மாறினாலும் விஷயம் மாறவில்லை. போதிய வசதியிருந்தும், ஜீவனத்துக்கு வழியற்ற மனைவியைப் புறக்கணிக்கும் புருஷன் மாதந்தோறும் ஒரு தொகை கொடுக்க வேண்டுமென்று கோர்ட்டார் உத்தரவிடலாம். விவாகரத்தாகி, மறுமணம் செய்துகொள்ளாத ஸ்திரீக்கும் இந்த உரிமை உண்டு. புருஷன் மும்பையில் இருந்தாலும், தென்காசியில் பிறந்தகத்தில் வசிப்பவள் தென்காசியிலேயே மனுச் செய்துகொள்ளலாம். மாதம் 500 ரூபாய்க்கு மேல் கூடாது என்று 1973-ஆம் வருஷத்துச் சட்டத்தில் இருந்த வரம்பும் 2001-இல் நீக்கப்பட்டது.

"அவள்தான் பீடி சுற்றிச் சம்பாதிக்கிறாளே, ஜீவனாம்சம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கடையம், ஆலங்குளம் பக்கங்களில் பீடி சுற்றிக் குடும்பம் நடத்தும் பெண்கள் ஏராளம். சொற்ப வருமானம் இருப்பதாலேயே ஜீவனாம்சத்தை மறுக்கலாகாது என்பது ஸுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு. உரிமை கேட்பதற்கு ஒருத்தி முதலில் பிச்சைக்காரி ஆக வேண்டியதில்லை.

இவ்வளவும் சரி. ஆனால் உத்தரவு கிடைப்பது வேறு. பணம் கைக்கு வருவது வேறு. தவணை தவறினால் வாரண்டு மூலம் வசூலிக்கலாம். அதற்கும் மசியாதவனைச் சிறைக்கு அனுப்பலாம். சிறைக்குப் போய் வந்தாலும் கடன் தீராது. ஆயினும் ஒரு நிபந்தனை இருக்கிறது. தொகை கொடுபட வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் வாரண்டு கேட்டு மனுச் செய்ய வேண்டும்.

கணக்குப் போடுவது உபாத்தியாயர் வழக்கமல்லவா? மாதம் 4,000 ரூபாய் என்று உத்தரவாகி, மூன்று வருஷம் ஒரு காசும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். பாக்கி 1,44,000 ரூபாய். நான்காம் வருஷத் தொடக்கத்தில் விழித்துக்கொண்டு மனுப் போட்டால், வாரண்டுக்கு அகப்படுவது கடைசிப் பன்னிரண்டு மாதத்துத் தொகையான 48,000 மட்டுமே. மீதி 96,000 அடியோடு தொலைந்துவிடாது. தமிழ்நாட்டு வழக்கொன்றில், ஒரு வருஷக் கெடுவினால் பாக்கியைப் பெறும் உரிமை அழிவதில்லை என்று 2013-இல் ஸுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கிறது. ஆனால் அதற்குச் சாதாரண வசூல் வழக்கு என்னும் நீண்ட பாதையில் நடக்க வேண்டும். கையில் காசில்லாதவளுக்கு அது எளிதா?

அந்த மூன்று வருஷமும் எப்படிப் போகிறது? புருஷன் மனம் திரும்புவான் என்று ஒரு வருஷம்; பெரியவர்கள் பேசி முடிப்பார்கள் என்று ஒரு வருஷம்; நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று ஒரு வருஷம். குற்றாலத்து அருவிக்கு ஆனி, ஆடியில் சாரல் வந்தால் போதும். வயிற்றுக்குச் சீஸன் கிடையாது.

ஆகையால், இத்தகைய சகோதரியோ மகளோ உள்ள குடும்பங்களுக்கு நாம் சொல்வது இதுதான். கோர்ட்டு உத்தரவின் நகலைப் பத்திரமாக வையுங்கள். எந்த மாதம் எவ்வளவு வந்தது, எது வரவில்லை என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பன்னிரண்டு மாதம் நிறைவதற்குள் மனுச் செய்யுங்கள். வக்கீலுக்குப் பணமில்லையென்றால், 1987-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி எந்தப் பெண்ணும் இலவசச் சட்ட உதவி பெறலாம். அவளுடைய வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே எழாது.

பெரியவர்கள் தாராளமாகச் சமாதானம் பேசட்டும். மனு கோர்ட்டில் இருக்கும்போதும் பேசலாமே!