வெடித்த டாஷ்போர்டு: மாற்றுவதா, சரி செய்வதா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசைப்படுகிறவர் முதலில் எஞ்சினைப் பார்ப்பார். பிறகு துரு இருக்கிறதா என்று அடியில் குனிந்து பார்ப்பார். எல்லாம் திருப்தி என்று உள்ளே போய் உட்கார்ந்ததும்தான் கண்ணில் படும், டாஷ்போர்டின் குறுக்கே ஓடும் அந்த வெடிப்பு! கார் ஓடுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் ஓட்டுகிற ஒவ்வொரு நிமிடமும் கண் முன்னால் நிற்பது அதுதான்.

இந்த விஷயத்தில் பேர் போன கார் டாட்சன் 240 இசட். நிசான் நிறுவனம் 1969ல் ஜப்பானில் அறிமுகப்படுத்திய இந்தக் கார், அமெரிக்காவில் டாட்சன் என்ற பெயரில் விற்றது. 2.4 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். ஆரம்ப விலை 3,526 டாலர்தான். விலை உயர்ந்த ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களை எட்ட முடியாதவர்களும் இதை வாங்க முடிந்தது. 1973 வரை அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் கார்கள் விற்றன. இன்று மிஞ்சியிருக்கும் 240 இசட்களில் வெடிக்காத டாஷ்போர்டு உள்ளதைக் காண்பது அரிது.

"பழசைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினால் முடிந்தது" என்பதுதான் பலரும் சொல்லும் யோசனை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அவசர யோசனை. ஏன் என்று புரிய, டாஷ்போர்டு ஏன் வெடிக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு காலத்தில் பல கார்களின் டாஷ்போர்டு வெறும் இரும்புத் தகடுதான். அது வெடிக்காது. ஆனால் விபத்தில் தலை மோதினால் மண்டை உடையும். அமெரிக்காவில் 1968 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பு விதிகள், தலை மோதக்கூடிய இடங்களில் அடியைத் தாங்கும் மென்மை இருக்க வேண்டும் என்றன. 240 இசட் அந்தக் காலத்தில் பிறந்த கார். அதன் டாஷ்போர்டு மூன்று அடுக்கு: அடியில் இரும்புச் சட்டம், நடுவில் ஃபோம், மேலே வினைல் தோல்.

வினைல் இயல்பில் விறைப்பான பொருள். அதை வளையச் செய்ய ஒரு வகை எண்ணெய்ப் பொருளைக் கலக்கிறார்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் சூடு ஏற ஏற இந்தப் பொருள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். முன் கண்ணாடியின் உட்பக்கம் பனி போலப் படிகிற பிசுபிசுப்பில் அதற்கும் பங்கு உண்டு. அது போகப் போகத் தோல் விறைத்துச் சுருங்குகிறது. அடியில் உள்ள இரும்போ சுருங்காது. விளைவு? இழுபட்ட தோல் பலவீனமான இடத்தில் பிளக்கிறது. மீட்டர்களுக்கு மேலே உள்ள வளைவுகளிலும் கண்ணாடி ஓரத்திலும் வெடிப்பு வருவது இதனால்தான்.

ஆக, கெட்டுப் போனது மேல் தோலும் ஃபோமும்தான். இரும்புச் சட்டம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

இப்போது உரிமையாளர் முன் உள்ள வழிகளைப் பார்ப்போம்.

முதலாவது, வெடித்த டாஷ்போர்டின் மேல் அதே வடிவ பிளாஸ்டிக் மூடியை ஒட்டிவிடுவது. விலை குறைவு, ஒரு மதியத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் இது புண்ணை ஆற்றாமல் துணியால் மூடுவது போலத்தான். பிற்காலத்தில் மூடியைப் பிய்த்தால் பழைய வினைலும் கூடவே பிய்ந்து வரும்.

இரண்டாவது, வெடிப்பை நிரப்பிச் சரி செய்வது. மேலெழும்பிய ஓரங்களை வெட்டி, நன்றாகச் சுத்தம் செய்து, வளையும் தன்மையுள்ள நிரப்பியை மெல்லிய அடுக்குகளாகப் பூசி, தேய்த்து, சொரசொரப்பு கொடுத்து, டாஷ்போர்டு முழுவதற்கும் வினைல் பெயிண்ட் அடிக்க வேண்டும். விறைப்பான நிரப்பியைப் போட்டால் அதன் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும். பளபளப்புக்காக சிலிக்கான் பாலிஷ் பூசிய டாஷ்போர்டு என்றால் பெயிண்ட் சரியாக ஒட்டாது. எவ்வளவு கவனமாகச் செய்தாலும், பக்கவாட்டு வெயிலில் உற்றுப் பார்த்தால் ஒட்டு தெரியும். அதை மறைப்பானேன்?

மூன்றாவது, மாற்றுவது. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மாற்ற வேண்டுமென்றால் டாஷ்போர்டு வெளியே வர வேண்டும். ஸ்டீயரிங் தண்டை இறக்கி, மீட்டர்களையும் ஹீட்டர் கட்டுப்பாடுகளையும் பிரித்து, 50 வருடப் பழைய ஒயர்களையெல்லாம் கழற்ற வேண்டும். காய்ந்து போன பிளாஸ்டிக் இணைப்புகள் கை பட்டதும் உடையும். "பிரித்ததுதான் பிரித்தோம், ஹீட்டரையும் பார்த்துவிடலாம், ஒயரையும் மாற்றிவிடலாம்" என்று ஒரு வேலை பத்து வேலையாகும். ஓடிக்கொண்டிருந்த கார் கொட்டகையில் வருடக்கணக்கில் பிரித்த நிலையிலேயே கிடக்கும். ஒரு வெடிப்புக்காகக் காரையே இழப்பது எந்த வகையில் புத்திசாலித்தனம்?

வெடிப்பு மிக மோசம், ஃபோம் பொடிப்பொடியாக உதிர்கிறது என்றால் என்ன செய்வது? அப்போது கழற்றத்தான் வேண்டும். அந்த நிலையிலும் பழசைக் குப்பையில் போடக் கூடாது. அதே இரும்புச் சட்டத்தின் மேல் புது ஃபோமும் புது வினைலும் போட்டுத் தரும் பட்டறைகள் இருக்கின்றன. செலவு மூடியைவிடப் பல மடங்கு. ஆனால் காரோடு பிறந்த பாகம் காரிலேயே இருக்கும். எறிந்த சட்டம் திரும்பக் கிடைக்காது.

அசலுக்கு மதிப்பு இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2020 ஜனவரியில், அதிகம் ஓடாமல் அசல் நிலையில் காக்கப்பட்ட 1971ம் ஆண்டு 240 இசட் ஒன்று இணைய ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போனது! எல்லாக் காருக்கும் அந்த விலை கிடைக்காதுதான். ஆனாலும் இப்படிப்பட்ட கார்களை வாங்குபவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பது இதில் தெரிகிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. டாஷ்போர்டுக்குள் ஏர்பேக் உள்ள 1990களின் கார்களுக்கு இந்த வாதம் பொருந்தாது. ஏர்பேக் கிழித்துக்கொண்டு வர வேண்டிய இடத்தில் நிரப்பி பூசுவதும் மூடி ஒட்டுவதும் உயிரோடு விளையாடுவது. அங்கே முறையாக மாற்றுவதுதான் சரி. 240 இசட்டில் ஏர்பேக் இல்லாததால் அந்தக் கவலை இல்லை.

எனவே கார் ஓடுகிறதா, ஃபோம் உறுதியாக இருக்கிறதா? வெடிப்பை நிரப்பி, நிழலில் நிறுத்தி, கண்ணாடிக்கு மறைப்பு வைத்து, சந்தோஷமாக ஓட்டலாம். முற்றிலும் கெட்டுவிட்டதா? அதே சட்டத்துக்குப் புதுத் தோல் போடலாம். வயதான காரில் ஒரு தழும்பு இருப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஓட வேண்டிய கார் ஓடாமல் கிடப்பதுதான் வருத்தம்.