ஏற்காட்டில் நான் காட்டாமல் விட்ட இடம்



போன வாரம் பேத்தியோடு ஏற்காடு போய் வந்தோம். இருபது கொண்டை ஊசி வளைவுக்கு இரண்டு எலுமிச்சம்பழம் செலவானது. ஏரியில் படகு, லேடீஸ் சீட், மிளகாய் பஜ்ஜி எல்லாம் வழக்கப்படி ஆயிற்று. இறங்குவதற்கு முன், ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்குக் கூட்டிப்போனேன். "இங்க என்ன தாத்தா இருக்கு?" என்றாள்.

ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் அஸ்தி அங்கேதான் இருக்கிறது.

பெயர் ஞாபகம் வருகிறதா? 1863 மே 30, பல்லாவரம், கற்கோடரி. பரீட்சைக்காக உங்களை நெட்டுருப் போட வைத்தேனே, அவரேதான். நம் மண்ணில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்று அந்த ஒரு கல்லை வைத்து உலகுக்குக் காட்டியவர். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் 33 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஏற்காட்டில்தான் வீடு வைத்திருந்தார். 1912-ல் கல்கத்தாவில் இறந்தபோதும் அஸ்தி இந்த மலைக்கே வந்தது.

அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவலும் 1882-ல் ஏற்காட்டில்தான் காலமானார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரோடு சேர்ந்து விவிலியத்தைத் தமிழாக்கியவர். மாமனாரும் மருமகனும் நமக்கு எவ்வளவு வேலை செய்திருக்கிறார்கள், பாருங்கள்.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு முறையாவது உங்களை ஏற்காடு சுற்றுலா அழைத்துப் போயிருப்பேன். ஒரு முறைகூட அந்தத் தேவாலயத்தில் பஸ்ஸை நிறுத்தவில்லை, ஏனென்றால் எனக்கே தெரியாது. பாடப்புத்தகத்தில் இருந்த மனிதர் பஸ் ஜன்னலுக்கு வெளியே இருந்திருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன், வெட்கமாக இருந்தது.

படகு வேண்டாம், பஜ்ஜி வேண்டாம் என்று சொல்லவில்லை. கிளியூர் அருவியில் தண்ணீர் இருந்தால் குளியுங்கள். ஆனால் வியூ பாயிண்ட் என்றால் எட்டிப் பார்க்கும் இடம் மட்டும்தானா? சேர்வராயன் மலையில் கிடைத்த வழவழப்பான புதிய கற்காலக் கோடரிகளை மலைமக்கள் பிள்ளையார் கோயில்களில் வைத்துக் கும்பிட்டார்கள். அவற்றையும் தேடிப் பார்த்து எழுதி வைத்தவர் ஃபூட். இது தெரிந்து மலையேறினால், வழியில் இருக்கும் சின்னக் கோயில்களையும் வண்டியை நிறுத்திப் பார்க்கத் தோன்றும். சுற்றுலா கையேடுகளில் அவர் பெயருக்கு ஒரு வரி ஒதுக்கலாம். படகுத்துறையில் ஒரு பலகை வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை போகும்போது பிள்ளைகளை அரை மணி நேரம் அங்கே கூட்டிப்போங்கள். வழிபாட்டு நேரமாக இருந்தால் காத்திருங்கள், சத்தம் போடாதீர்கள். (வாத்தியார் புத்தி, போகாது.)

பேத்தி, "அவர் சேத்த கல்லெல்லாம் இப்ப எங்க தாத்தா?" என்று கேட்டாள். 1904-ல் சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது என்றேன். முழுப்பரீட்சை லீவுக்கு எழும்பூர் என்று முடிவாகியிருக்கிறது. சென்னையில் இருக்கும் மாணவர்கள் யாராவது கூட வருகிறீர்களா?